கந்தையும் கலைக்கூடமும்: ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சிகளும் தமிழ்த் தொகை மரபும்

முன்னுரை

செட்டிகுளம் என் தாயார் பிறந்த ஊர். பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் மண்ணுக்குரிய பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஊர் அது. பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே நன்னிமாவின் வீட்டில் தங்குவேன். பருத்தி எடுப்பு முடிந்த நாள்களில் அவர் திண்ணையில் பழஞ்சேலைகளை விரிப்பார். சந்தைக்குப் போகாத கழிவுப் பஞ்சை அவற்றின் இடையே மெல்லப் பரப்புவார். மேலே அத்தாவின் பழைய கைலி, மாமாவின் சட்டை, சிறுமியரின் பாவாடை ஆகியவற்றிலிருந்து வெட்டிய துண்டுகளை அடுக்குவார். பிறகு சேலைக் கரையிலிருந்து உருவிய நூலை ஊசியில் கோத்து, ஓரத்திலிருந்து தொடங்கி நாள்தோறும் ஒரு சாண் அளவுக்குத் தைத்துக்கொண்டே செல்வார். அந்த விரிப்புகளின்மேல்தான் எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் அனைவரும் உறங்கி வளர்ந்தனர்.

நான் கல்லூரி விடுதிக்குச் சென்றபோது அத்தகைய விரிப்பு ஒன்றை எனக்கும் கொடுத்தனுப்பினார். அறைத்தோழர்கள் பார்த்தால் நகைப்பார்களே என்று நாணி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்; கடைத்தெருவில் ஆலைப்போர்வை ஒன்று வாங்கிக்கொண்டேன். அவர் மறைந்த பின்னர், வீட்டுக்கு வெள்ளையடித்த நாளில், தரை துடைக்கத் துணி கேட்ட வேலையாள்களுக்கு அதனைக் கிழித்துக் கொடுத்தவனும் நானே.

பல ஆண்டுகள் சென்றபின், நூலகம் ஒன்றில் வெளிநாட்டுக் கண்காட்சி பற்றிய படநூலைப் புரட்ட நேர்ந்தது. வெண்ணிறச் சுவரில், ஓவியத்துக்குரிய விளக்கொளியில், ஒட்டுத்துணிப் போர்வைகள் தொங்கின. அவற்றுள் ஒன்று, நிறத்திலும் துண்டுகளின் அடுக்கிலும், நான் கிழித்துக் கொடுத்ததைப் போலவே இருந்தது. அன்று எழுந்த மூன்று வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை. கந்தைத்துணி எப்போது கலையாகிறது? அதனைக் கலை என்று தேர்ந்தெடுப்பவர் யார், எந்நெறியில் தேர்கின்றனர்? அத்தேர்வில், தைத்தவரின் பெயருக்கு என்ன நேர்கிறது?

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் குயில்ட் எனப்படும் பொருள் மூன்று அடுக்குகளால் ஆயது. மேலே இருப்பது முகத்துணி, இடையில் பஞ்சு அல்லது பழந்துணி, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே இதற்கு உயிர். தையல் இல்லையேல் உள்ளிருக்கும் பஞ்சு ஒருபுறம் ஒதுங்கித் திரண்டுவிடும். நம்மூர் மெத்தைக்காரர் இலவம்பஞ்சு மெத்தையில் இடையிடையே நூலோட்டி முடிச்சிடுவதும் இது கருதியே ஆகும். ஆகவே, இத்தையல் முதலில் அழகுக்காகத் தோன்றியதன்று. பஞ்சை இருத்துவதற்காகத் தோன்றியது. இருத்துவதற்காக இட்ட கோடு, காலப்போக்கில் கோலமாயிற்று.

முகத்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம். பல துண்டுகளை இணைத்ததாகவும் இருக்கலாம். ஒரு துணியின்மேல் வேறு துணியை வெட்டி ஒட்டித் தைத்ததாகவும் இருக்கலாம். மூன்றாம் வகைக்குரிய கைத்திறம் தமிழகத்துக்குப் புதிதன்று. கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும், திருவிழாக் குடைகளும் வண்ணத்துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் திறத்தால் விளைபவையே. தஞ்சைப் பகுதிக் கைவினைஞர் இதில் பெயர்பெற்றவர். தேரோட்டத்தைக் கண்ட எந்தப் பிள்ளையும் இக்கலையைக் கண்டதே ஆகும். கலை என்று அறியாமல் கண்டது, அவ்வளவே.

பழந்தமிழில் துன்னம்

தைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல் துன்னம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் ஒருவன் தன் உடையைத் தானே விவரிக்கின்றான். அது வியர்வையில் நனைந்தது. ஈரும் பேனும் குடியிருந்தது. அதன் இழைகளுக்கிடையே வேற்றிழைகள் புகுந்து தைக்கப்பட்டிருந்தன. கரிகாலன் அக்கந்தையைக் களையச் செய்து, நூல் சென்ற வழியைக் கண்ணால் அறிய இயலாத, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய பூந்துகிலை அளித்தான் என்கிறது அப்பாட்டு. துன்னிய கந்தை வறுமையின் அடையாளமாகவும், நுண்துகில் கொடையின் அடையாளமாகவும் அங்கே எதிரெதிர் நிற்கின்றன. அதே வேளையில், வேற்றிழை புகுந்த இடத்தைக்கூடப் புலவர் கண்ணூன்றிக் கண்டிருக்கின்றார் என்பதும் நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் இடம்பெறுகின்றனர். பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுண்தொழில் செய்யும் காருகரும், துணியையும் நெட்டியையும் கொண்டு பலவகைப் பொருள் செய்வோரும் உடன் வருகின்றனர். புறநானூறு பருத்தி நூற்கும் பெண்டிரைக் காட்டுகிறது. நன்னூலோ இலக்கியம் செய்வதையே நூற்கும் தொழிலுக்கு உவமையாக்குகிறது. அங்கே சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண். நூல், பனுவல், இழை எனப் புத்தகத்துக்கும் துணிக்கும் ஒரே சொற்களைப் புழங்கும் மொழி நம்முடையது. தையல் என்னும் சொல்லோ தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும்.

ஒட்டுத்துணியை இழிவென்று கருதாத மரபு இஸ்லாமிய வரலாற்றிலும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் பெருநிலப்பரப்பை ஆண்ட காலத்தும் ஒட்டுப்போட்ட ஆடை அணிந்திருந்தமை வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. சூஃபியர் அணிந்த ஒட்டுத்துணி அங்கிக்கு முரக்கஃ என்று பெயர். பிற்காலத்தில் பாரசீக, முகலாய அரசவைகளில் ஓவியத் தாள்களையும் எழுத்தணிக் கலைத் தாள்களையும் ஒட்டிச் சேர்த்த தொகுப்பேடுகளுக்கும் அதே பெயரே வழங்கியது. ஏழைத்துறவியின் அங்கிக்கும் பேரரசரின் கலைத்தொகுப்புக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலன்று. சிதறியவற்றைச் சேர்ப்பதே இரண்டின் பணியும்.

இந்தியப் பரப்பில்

இந்தியாவில் இக்கலைக்குப் பல பெயர்கள் உண்டு. வங்காளத்தில் காந்தா, மகாராட்டிரத்தில் கோதடி, கன்னட நாட்டில் கௌதி, இராசத்தானத்தும் சிந்துவிலும் ரல்லி. பழைய சேலையும் வேட்டியும் அடுக்கப்பட்டு, எளிய ஓட்டுத் தையலால் இணைக்கப்படுவது இவற்றின் பொதுவியல்பு. வங்கப் பெண்கள் சேலைக்கரையிலிருந்து நூலை உருவி, அந்நூலாலேயே தாமரை, யானை, பல்லக்கு, தொடர்வண்டி முதலியவற்றைத் தைத்தனர். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்கெனத் தைத்த காந்தா ஒன்று உள்ளது. அவர் தம் பெயரையும் அதில் தைத்தார். அதனாலேயே இன்று நாம் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது.

வட கன்னட மாவட்டத்துச் சித்திகள் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள். இவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவரும் இந்துக்களும் உளர். இவர்தம் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து, நடுவில் முடிப்பது இவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைப்பர். அவற்றைப் பூ என்னும் பொருளில் பூலா என்பர். பூலா இல்லாத போர்வை நிறைவு பெறாதது என்பது அவர்கள் கொள்கை. சில போர்வைகளில் பிறையும், சிலவற்றில் சிலுவையும் துணித்துண்டுகளாக அமைகின்றன. 2004 இல் இப்பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. 2011 இல் நியூயார்க்கின் சோம்பர்க் ஆய்வு மையத்தில் இவர்களுடைய போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நன்னிமாவும் ஓரத்தில் தொடங்கியே தைத்தார் என்பதை இச்செய்தியைப் படித்த பின்னரே நான் நினைவுகூர்ந்தேன்.

வணிகத்திலும் இக்கலைக்கு இடமிருந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் வங்காளத்திலிருந்து மஞ்சள்நிறப் பட்டுநூல் தைத்த போர்வைகளை வாங்கிச் சென்றனர். சோழமண்டலக் கடற்கரையில் சாயமிட்டு வரைந்த பூந்துணிகள் ஐரோப்பியச் சந்தையைக் கவர்ந்தன. அவற்றால் தம் நெசவாளர் நலிகின்றனர் என்று பிரெஞ்சு அரசு 1686 இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700 இலும் 1721 இலும் சட்டம் இயற்றியது. நம் கடற்கரைத் துணி கிடைத்தற்கரியதாக ஆனபோது, ஐரோப்பியப் பெண்கள் அதன் பூக்களையும் பறவைகளையும் தனித்தனியே வெட்டி, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்துப் போர்வை செய்தனர். அங்கே அருங்காட்சியகங்களில் போற்றப்படும் பழம்போர்வைகள் சிலவற்றில் நம் கைவினைஞரின் பூ மலர்ந்திருக்கிறது. அவர் பெயர்தான் இல்லை.

கட்டிலிலிருந்து சுவருக்கு

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். போர்வை கட்டிலை விட்டுச் சுவருக்கு ஏறிய வரலாற்றில் 1971 ஓர் எல்லைக்கல். அவ்வாண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் ஆகிய இருவரும் தாம் சேகரித்த அமெரிக்கப் போர்வைகளைப் புதுமை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டனர். கண்டோர் வியந்தனர். நவீன ஓவியர் கண்டறிந்ததாகக் கூறப்பட்ட வடிவங்களை உழவர் வீட்டுப் பெண்கள் முன்னரே தைத்துவிட்டிருந்தனர். ஆயினும், அக்கண்காட்சியில் செய்தவரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. வடிவத்துக்குப் பெருமை கிடைத்தது. கைக்குக் கிடைக்கவில்லை எனப் பின்னாளில் பெண் ஆய்வாளர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே.

அடுத்த எல்லைக்கல் 1979. நான்சி குரோ முதலிய கலைஞர்கள் தாமே புதிதாக வடிவமைத்துப் போர்வை செய்துவந்தனர். மரபுவழிப் போர்வைக் கண்காட்சியினர், இது வழக்கத்துக்கு மாறானது என்றனர். ஓவியக்கூடத்தாரோ, இது போர்வைதானே என்றனர். இருபுறமும் இடமின்றி நின்ற இவர்கள் தமக்கென ஒரு களம் அமைத்தனர். ஓகையோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில், மனநல மருத்துவமனைக்குரிய பால்பண்ணைத் தொழுவம் ஒன்று இடிக்கப்படவிருந்த நிலையில், ஊரார் முயன்று அதனைக் கலைக்கூடமாக்கினர். டெய்ரி பார்ன் எனப்படும் அத்தொழுவத்தில்தான் குயில்ட் நேஷனல் என்னும் கண்காட்சி 1979 இல் தோன்றி, ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறுவதாயிற்று. பின்னர், 1989 இல் இக்கலைஞர்க்கென ஒரு சங்கமும், 1997 இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் இத்துறைக்கென்றே ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் அமைந்தன. மாடு கட்டிய இடத்தில் கலை நுழைந்ததை இழிவாக எண்ண வேண்டுவதில்லை; வீட்டுத் திண்ணையில் பிறந்த கலைக்கு அது பொருத்தமான வாயிலே.

தேர்வுக்குழுவின் நெறி

குயில்ட் நேஷனல் தேர்வுக்குழுவால் தெரிந்தெடுக்கப்படும் கண்காட்சி. விரும்பியோர் அனைவரும் தம் படைப்பைத் தொங்கவிட இயலாது. அதன் விதிகளுள் மூன்று நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, படைப்பு போர்வையின் அமைப்பு உடையதாக இருத்தல் வேண்டும்; அஃதாவது, குறைந்தது இரண்டு முழு அடுக்குகள் இருந்து, அவை ஊடுருவும் தையலால் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, அண்மையில் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, வடிவம் செய்தவரின் சொந்த ஆக்கமாக இருத்தல் வேண்டும். பிறருடைய வடிவத்தையோ வழிவழி வந்த மாதிரியையோ பார்த்துச் செய்தது ஏற்கப்படாது.

இத்தகைய கண்காட்சிகளில் தேர்வாளர் முதலில் காண்பது படைப்பையன்று, அதன் நிழற்படங்களையே. முழுத்தோற்றம் ஒன்று, அண்மைத்தோற்றம் ஒன்று என இருவகைப் படங்கள் கேட்கப்படுகின்றன. முழுத்தோற்றம் வண்ணத்தையும் கருத்தையும் காட்டும். அண்மைத்தோற்றம் தையலின் செம்மையைக் காட்டும். தொலைவில் கவர்ந்து அண்மையில் ஏமாற்றும் படைப்பு விலக்கப்படும். அண்மையில் செப்பமாக இருந்து தொலைவில் ஒன்றும் சொல்லாத படைப்பும் விலக்கப்படும். நல்ல செய்யுளை நாம் மதிப்பிடும் முறையும் இதுவே அன்றோ? ஒருமுறை முழுதாகப் படித்துப் பொருளை நுகர்கிறோம். மறுமுறை சொல் சொல்லாகப் பிரித்துக் காண்கிறோம். பல கண்காட்சிகளில் செய்தவரின் பெயரைத் தேர்வாளர்க்கு மறைத்தே படங்கள் காட்டப்படும். முகத்தாட்சண்யம் புகாதிருப்பதற்கான ஏற்பாடு இது.

தேர்வுக்குழு என்பது மேனாட்டார் தந்த புதுமை என்று மாணவர் கருதிவிடலாகாது. அரங்கேற்றம் என்பது என்ன? அறிஞர் அவையில் படைப்பை வைத்துத் தீர்ப்புப் பெறுவதே அது. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டபோது, எது மெய்யுரை எனத் தேர்வதற்கு உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் காரணிகனாக அமர்த்தப்பட்டான் என்று அந்நூலின் உரை ஒரு கதை சொல்கிறது. மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்த அச்சிறுவன், நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்தானாம். பேசத் தெரியாதவன் தேர்வாளனானான்! கலையைத் தேர்வதற்குச் சொல்வன்மையைக் காட்டிலும் உணர்வன்மை வேண்டும் என்பதே இக்கதையின் கருத்து எனலாம்.

இன்னும் ஒருபடி மேலே சென்று நோக்குவோம். எட்டுத்தொகை நூல்கள் பெரும்பாலும் ஒட்டுத்துணிப் போர்வை போன்றவையே. பல காலத்தில், பல ஊரில், பல புலவர் பாடிய தனிப்பாடல்களைத் தெரிந்தெடுத்து, ஓர் ஒழுங்கில் இணைத்துத் தொகையாக்கினர். கண்காட்சிக்கு அளவு விதி இருப்பது போலவே அங்கும் இருந்தது. நான்கடி முதல் எட்டடி வரை உள்ளவை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டடி வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை அகநானூறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். புறநானூற்றைத் தொகுத்தவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

தேர்வின் எல்லை

தொகுத்தோர் செய்த மற்றொரு செயல் நம் மூன்றாம் வினாவுக்கு விடை தருகிறது. சில பாடல்களின் ஆசிரியர் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காகப் பெயரற்றவர் என எழுதி அவர்களைக் கடந்துவிடவில்லை. பாடலில் ஒளிர்ந்த உவமையையோ தொடரையோ எடுத்து, அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. பெயர் தெரியாத கைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்ற அறவுணர்வு அவர்களிடம் இருந்தது. 1971 இல் நியூயார்க்கில் இல்லாதது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே தமிழகத்தில் இருந்தது.

சொந்த வடிவமே வேண்டும் என்னும் விதியையும் சிறிது ஆராய வேண்டும். படியெடுத்தலைத் தடுப்பதற்கு அது தேவையான விதி; ஐயமில்லை. ஆனால், அதனையே கலைக்கெல்லாம் அளவுகோலாகக் கொண்டால், தாயிடமிருந்து மகள் கற்ற காந்தாவும் கவந்தியும் வாயிலிலேயே நிறுத்தப்படும். சங்கப் புலவர் அனைவர்க்கும் திணையும் துறையும் பொதுவே. குறிஞ்சிக்கு மலையும், நெய்தலுக்குக் கடலும் யாரும் புதிதாகக் கண்டுபிடித்தவையல்ல. அப்பொதுச் சட்டகத்துள் கபிலர் கபிலராகவும், ஒளவையார் ஒளவையாராகவும் விளங்கவில்லையா? மரபு வேறு, படியெடுத்தல் வேறு.

இதற்குச் சான்றாக அமைவன அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் போர்வைகள். ஆற்றுவளைவில் ஒதுங்கிக் கிடந்த அவ்வூரின் கறுப்பினப் பெண்கள் அடிமைகளாக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள். கூரைமுகடு என்னும் பொருள்படும் பெயருடைய பழைய மாதிரியை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்தனர்; ஆயினும், ஒருத்தியின் போர்வை மற்றொருத்தியினுடையதைப் போல இராது. மிசௌரி பெட்வே என்னும் பெண் 1942 இல் தம் கணவர் இறந்தபின், அவர் வயலில் உழைத்தபோது அணிந்த உடுப்புகளையே வெட்டிப் போர்வையாகத் தைத்தார். சாயம் போன நீலக் காற்சட்டைத் துணியின் வண்ண மாற்றங்களே அதற்கு அணி. 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து விட்னியிலும் இவ்வூர்ப் போர்வைகள் காட்சிப்படுத்தப்பட்டன. இம்முறை ஒவ்வொரு போர்வைக்கும் அருகே செய்தவரின் பெயர் இருந்தது. 2006 இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

புகழ் வந்தபின் மற்றொரு வினாவும் எழுந்தது. அவ்வடிவங்களைக் கொண்டு கம்பளமும் பிறவும் விற்கப்பட்டபோது, அதன் வருவாயில் தமக்குரிய பங்கு வரவில்லை என்று சிலர் 2007 இல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் 2008 இல் முடிவுற்றன. பெயரைப் பொறித்தால் மட்டும் போதாது, பயனும் கைக்குச் சேர வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

தேர்வே இல்லாத போர்வை ஒன்றும் உண்டு. எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் நினைவாக ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய துணிகளை உற்றார் தைத்தனர். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரில் அத்தகைய 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மனிதருக்கு உரியது. அங்கே தையல் கோணினும் எவரும் விலக்கவில்லை. துயரத்துக்குத் தேர்வுக்குழு இல்லை. ஆகவே, எங்கே தேர்வு வேண்டும், எங்கே வேண்டா என அறிவதும் கலையறிவின் ஒரு கூறாகும்.

நம் கடமை

இந்தியாவிலும் இக்கலை இன்று புத்துயிர் பெற்றுவருகிறது. 2019 சனவரியில் சென்னையில் இந்தியக் குயில்ட் விழா நடைபெற்றது. நகரத்துப் பெண்கள் பலர் வகுப்புகளில் சேர்ந்து இதனைக் கற்கின்றனர், மகிழத்தக்கதே. ஆனால், கற்பிக்கும் கூடமும் கண்காட்சிக் கூடமும் எட்டாத ஊர்களில், விலைகொடுத்துக் கற்காத கைகள் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டில் பருத்தி மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் முன்னிற்பது பெரம்பலூர். பஞ்சு இங்கே பிறக்கிறது. பழந்துணி எல்லா வீட்டிலும் இருக்கிறது. இடையே இருக்க வேண்டிய கைதான் அருகிவருகிறது. ஆலைப்போர்வை மலிவாகக் கிடைப்பதும், பஞ்சிழைச் சேலையின் இடத்தைச் செயற்கை இழைச் சேலை பிடித்ததும் அதற்குக் காரணங்கள். செயற்கை இழைத்துணி ஊசிக்கு எளிதில் இசையாது. குழந்தையின் உடலுக்கும் ஏற்றதன்று.

நாட்டுப்புறவியல் பாடத்தில் பழமொழியும் தாலாட்டும் தொகுக்க நம் மாணவர் ஊர்தோறும் செல்கின்றனர். தாலாட்டைத் தொகுக்கும் நாம், அத்தாலாட்டைக் கேட்டுக் குழந்தை உறங்கிய விரிப்பைத் தொகுக்கவில்லை. இனிக் களப்பணிக்குச் செல்வோர் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதி வருதல் நலம்: தைத்தவர் பெயர் என்ன? எவ்வூரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் தைத்தார்? யாரிடம் கற்றார்? எவரெவருடைய ஆடைகள் இதில் உள்ளன? இதன்மேல் உறங்கியவர் யாவர்? நான்காம் வினாவுக்கு வரும் விடை பெரும்பாலும் ஒரு குடும்ப வரலாறாகவே அமையும்.

தமிழ்த்துறையிலேயே சிறு கண்காட்சி ஒன்று அமைக்கலாம். தேர்வுக்குழுவில் மூவர் போதும்: ஓவிய ஆசிரியர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர், தம் கையால் விரிப்புத் தைத்த மூதாட்டி ஒருவர். மூதாட்டிக்கு எழுதப்படிக்கத் தெரியாமல் இருக்கலாம். உருத்திரசன்மனுக்குப் பேச்சு வரவில்லை என்பதை நினைவிற் கொள்க. தெரிந்தெடுக்கப்படாதவற்றையும் திருப்பியனுப்பாமல் வேறோர் அறையில் விரித்துவைத்தல் வேண்டும். எல்லாவற்றின் பின்புறத்திலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டு வைத்து, தைத்தவரின் பெயரை நூலாலேயே பொறித்தல் வேண்டும். தாளில் எழுதி ஒட்டினால் ஒரு சலவைக்கும் நில்லாது.

முடிவுரை

கந்தைத்துணி எப்போது கலையாகிறது என்னும் வினாவுக்கு, தைக்கும்போதே அது கலை. காண்போர்க்கு அது தெரியும் நாள்தான் பிந்துகிறது என விடை கூறலாம். யார் தேர்வது என்னும் வினாவுக்கு, விதியும் உணர்வும் ஒருங்கே உடையோர் எனலாம். பெயருக்கு என்ன நேர்கிறது என்பதற்கோ, அது நம் கையில் உள்ளது என்பதே விடை. பூரிக்கோவின் காலத்தில் அது தொகுத்தோர் கையில் இருந்தது. இன்று பிள்ளைகளின் கையிலும் பேரப்பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது.

என் நன்னிமாவின் பெயர் குடும்ப அட்டையிலன்றி வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அவர் தைத்தவற்றுள் ஒன்றுகூட இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இம்மலரைப் படிக்கும் மாணவர் இல்லங்களில் பரணிலோ பெட்டியடியிலோ ஒன்று இருக்கக்கூடும். இன்று மாலை அதனை எடுத்து வெயிலில் காயவைத்து, தைத்தவர் இருந்தால் அவரிடமும், இல்லையேல் தாயாரிடமும் அந்த ஐந்து வினாக்களையும் கேளுங்கள். விடைகளைக் குறித்த ஏட்டையும் அவ்விரிப்போடு சேர்த்தே வையுங்கள்.